மகிழ மரத்துக்கு உலகப் பெயர் தந்த வைத்தியர்

திருவண்ணாமலை ஸ்தல விருட்சமும், டச்சுக்காரர் அச்சிட்ட புத்தகமும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கோபுரங்களைத்தான். 11 நிலைகளோடு 217 அடி உயரம் எழுந்து நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு மற்றக் கோபுரங்களையும் எண்ணிப் பார்க்க ஆசை வரும். மொத்தம் ஒன்பது கோபுரங்கள். அந்த ஒன்பதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் எங்கே நிற்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். "மகிழ மரத்தடிக்குப் போங்கள்" என்பார்கள்.

அந்த மகிழ மரமே கோயிலின் ஸ்தல விருட்சம். கோயிலுக்கு வருகிறவர்கள் அதையும் வலம் வந்து கும்பிட்டுச் செல்கிறார்கள். உதிர்ந்து கிடக்கும் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறார்கள். சின்னஞ் சிறிய பூ. நட்சத்திரம் போல இருக்கும். வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை நிறம். விடியற்காலையில் உதிரும். நடுவிலே இயற்கையாகவே ஒரு துவாரம் இருப்பதால் பெண் குழந்தைகள் ஊசி இல்லாமலே நாரில் கோத்து மாலையாக்கி விடுவார்கள். காய்ந்து சருகான பிறகும் மணம் போகாது. பெட்டியில் துணிகளுக்கு நடுவே மகிழம்பூ போட்டு வைக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது.

இவ்வளவும் நாம் அறிந்ததே. நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. உலகத்துத் தாவர அறிஞர்கள் அனைவரும் இந்த மரத்தை ஒரே பெயரால் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பெயர், 'மைமுசாப்ஸ் எலெங்கி' என்பது.

இது எந்த நாட்டுப் பாஷை? முதல் பாதி கிரேக்க பாஷை. இரண்டாவது பாதி நம்முடைய பக்கத்து வீட்டுச் சொல். கிரேக்கத்துக்கும் நம் பக்கத்து வீட்டுக்கும் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அந்த முடிச்சுக்குள்ளே ஒரு நாட்டு வைத்தியரின் கதை இருக்கிறது.

குரங்கு முகமா?

முதலில் கிரேக்கப் பாதியைப் பார்த்து விடுவோம். 'மைமோ' என்றால் குரங்கு. 'ஆப்ஸ்' என்றால் முகம் அல்லது தோற்றம். குரங்கு முகம் என்று பொருள். பூவின் இதழ் அமைப்பைப் பார்த்த யாருக்கோ குரங்கின் முகம் நினைவுக்கு வந்ததாம்!

நம் முன்னோர் இதே பூவைப் பார்த்து 'மகிழ்' என்று பெயர் வைத்தார்கள். வடமொழியில் இதற்கு வகுளம் என்று பெயர். சங்க நூலான குறிஞ்சிப் பாட்டின் மலர் வரிசையிலே வகுளம் இடம் பெற்றிருக்கிறது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயர் மகிழம்பூ மாலையால் வந்தது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில்தான் என்பது புராணம். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கலை அடுத்த திருக்கண்ணங்குடியைப் பற்றிப் பேசும்போது, 'உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ்' என்று ஊர் ஜனங்கள் சொல்வார்கள்.

இத்தனை பெருமையுள்ள மரத்துக்குக் குரங்கு முகம் என்று பெயர் வைத்தவர் யார்? சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ். உலகத்துச் செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர். 1753-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளான்டாரம்' என்ற நூலில் மகிழ மரத்தின் பெயர் பதிவாகி இருக்கிறது. முதல் பெயர் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது பெயர்தான் அந்த மரத்துக்கே உரியது. அதற்கு அவர் 'எலெங்கி' என்ற சொல்லை வைத்தார்.

லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அப்படியானால் 'எலெங்கி' அவருக்கு எப்படித் தெரிந்தது?

கொச்சியில் ஒரு கவர்னர்

1663-ம் ஆண்டில் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். மிளகுக்காகத்தான் இந்தச் சண்டையெல்லாம். சில ஆண்டுகளுக்குப் பிறகு டச்சுக் கம்பெனியின் சார்பில் அங்கே அதிகாரம் செலுத்த வந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட் என்ற பிரபு. 1636-ம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே கம்பெனியில் சேர்ந்து கப்பலேறியவர்.

மலையாளக் கரையின் பசுமை அவரை மயக்கி விட்டது. ஆனால் அவருடைய ஆசைக்கு வியாபாரக் காரணமும் உண்டு. கம்பெனிச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் வேண்டிய மருந்துகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து கொண்டிருந்தன. அந்த மருந்துச் சரக்கில் பல, முதலில் கிழக்கு நாடுகளிலிருந்து அங்கே போனவை! இங்கே விளைந்தது அங்கே போய், பழசாகி, விலை ஏறி, மறுபடியும் இங்கே வந்து இறங்கியது. இந்த வேடிக்கையைப் பார்த்த வான் ரீட், "இந்த நாட்டு மருந்தை இந்த நாட்டிலேயே தேடினால் என்ன?" என்று நினைத்தார்.

இன்னொரு காரணமும் இருந்தது. கம்பெனியின் பெரிய அதிகாரியான வான் கோயன்ஸ் என்பவருக்கு இலங்கையின் பேரில் மோகம். கொழும்புதான் உயர்ந்தது என்பது அவர் கட்சி. மலையாளக் கரை சளைத்ததல்ல என்று காட்ட வேண்டிய கட்டாயம் வான் ரீடுக்கு இருந்தது. உத்தியோகப் போட்டியிலே ஒரு நல்ல காரியம் பிறந்தது.

'ஹார்த்தூஸ் மலபாரிக்குஸ்', அதாவது 'மலையாளத் தோட்டம்', என்ற பெயரில் 12 பாகங்கள் கொண்ட பெரிய நூல் லத்தீன் பாஷையில் ஆம்ஸ்டர்டாம் நகரிலே அச்சாயிற்று. முதல் பாகம் 1678-ல் வெளிவந்தது. கடைசிப் பாகம் 1693-ல் வந்தது. 740-க்கு மேற்பட்ட செடி, கொடி, மரங்கள். ஏறத்தாழ 790 படங்கள்.

ஓலைச் சுவடியோடு வந்தவர்

கவர்னருக்கு ஆசை இருக்கலாம். செடியின் குணம் யாருக்குத் தெரியும்? அங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்.

அவர் பெயர் இட்டி அச்சுதன். சேர்த்தலைக்கு அருகில் உள்ள கடக்கரப்பள்ளி என்ற ஊரில் கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்தவர். ஈழவ வகுப்பில் பிறந்த பரம்பரை வைத்தியர். தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த ஓலைச் சுவடிகள் அவர் வீட்டில் இருந்தன. அவர் கொச்சிக்கு வந்து, மரத்தின் பெயர், இலை, பூ, காய், எந்த நோய்க்கு எந்த வேர், என்ன அளவு, எப்படி அரைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அவரோடு கொங்கணி அந்தண வைத்தியர்கள் மூவரும் இந்தப் பணியில் இருந்தார்கள். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்பது அவர்கள் பெயர்கள். செடிகளைத் தேடிக் காடு மேடெல்லாம் ஆட்கள் போனார்கள். இலையும் பூவும் வாடுவதற்குள் படம் எழுதச் சித்திரக்காரர்கள் காத்திருந்தார்கள். காசேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் லத்தீனில் எழுதும் வேலையை ஏற்றார்.

முதல் பாகத்தில் ஒரு வினோதமான பக்கம் இருக்கிறது. 'இந்த நூலில் உள்ளவை நான் அறிந்து சொன்னவை' என்னும் கருத்தில் இட்டி அச்சுதன் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம், அவருடைய கோலெழுத்திலேயே செதுக்கி அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் காலம் 1675-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கொங்கணி வைத்தியர்களின் பத்திரமும் அவ்வாறே அவர்கள் எழுத்தில் இருக்கிறது. செடிகளின் படங்களிலும் மலையாள எழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. மலையாள எழுத்து அச்சுக்கு ஏறியது இந்தப் புத்தகத்தில்தான் முதல் தடவை என்கிறார்கள்.

மூன்று கை மாறிய சொல்

இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொல்வார். எம்மானுவேல் கார்னீரோ என்ற துபாஷி அதைக் கேட்டுப் போர்ச்சுகீசு பாஷையில் எழுதுவார். அதிலிருந்து லத்தீனுக்குப் போகும். கொச்சியில் போர்ச்சுகீசியர் ஆட்சி போனாலும் அவர்கள் பாஷை போகவில்லை. ஐரோப்பியர்களும் உள்ளூர்க்காரர்களும் பேசிக்கொள்ள அதுவே பொதுப் பாஷையாக இருந்தது.

மகிழ மரத்துக்கு மலையாளத்தில் 'இலஞ்ஞி' என்று பெயர். மூக்கால் ஒலிக்கும் அந்த 'ஞ்ஞி' ஐரோப்பிய நாக்குக்குப் பெரிய சோதனை. வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து காகிதத்துக்கும், அங்கிருந்து லத்தீனுக்குமாக மூன்று கை மாறிய பிறகு அது 'எலெங்கி' ஆயிற்று. முதல் பாகத்தில் படத்தோடு அச்சாயிற்று. லின்னேயஸ் 1735 முதல் 1738 வரை ஹாலந்து தேசத்தில் தங்கியிருந்தவர். இந்தியச் செடிகளுக்குப் பெயர் வைக்கும்போது அவர் மேஜைமீது 'மலையாளத் தோட்டம்' இருந்தது. அதில் கண்ட பெயரை அப்படியே எடுத்துக் கொண்டார்.

இந்தச் சொல் தமிழருக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 'இலஞ்சி' என்று தமிழிலும் உண்டு. மகிழ மரம் என்று அகராதி அதற்குப் பொருள் சொல்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்திலே இலஞ்சி என்ற ஊரே இருக்கிறது. அங்கே முருகன் கோயில் பிரசித்தம். ஆகவே திருவண்ணாமலை மகிழ மரத்தைப் பார்த்து ஒரு ஜெர்மன் அறிஞரோ ஜப்பான் அறிஞரோ 'எலெங்கி' என்று சொன்னால், நம் பழைய இலஞ்சியைத்தான் அவர் நாக்கைச் சுழற்றிச் சொல்கிறார் என்று தெரிந்து கொள்ளலாம்.

அடுத்த படத்தில் மஞ்சள் பூ

அந்தப் புத்தகத்தில் 'எலெங்கி' படத்தை அடுத்து வருவது பவழமல்லி. அதற்கு அச்சுதன் சொன்ன பெயர் என்ன தெரியுமா? 'மஞ்சப்பூமரம்'. லத்தீன் எழுத்தில் 'மஞ்சாபுமேரம்' என்பதுபோல அது அச்சாகி இருக்கிறது. மஞ்சள், பூ, மரம் என்று மூன்று சொற்கள் ஒட்டிய ஒரே சொல். இன்னும் சில பக்கங்களைப் புரட்டினால் 'கரிம்பன' என்று ஒரு மரம், நம்முடைய கரும்பனைதான். 'கொட்ட பன' என்று இன்னொன்று, அது குடைப்பனை. லத்தீன் புத்தகத்தைத் திறந்தால் நம் வீட்டுக் கொல்லைப்புறம் தெரிகிறது!

இப்படிச் சொல்லோடு சொல்லை ஒட்டி மரத்துக்குப் பெயர் வைப்பதில் டச்சுக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். நாம் 'மரம்' என்று ஒட்டுவதைப் போல அவர்கள் 'போம்' என்று ஒட்டுவார்கள். 'புரோட்' என்றால் ரொட்டி. 'புரோட்போம்' என்றால் ரொட்டி மரம். இலங்கைத் தமிழர் ஈரப்பலா என்று கூப்பிடும் மரம். அதற்கு முன்னால் குரங்கையும் சேர்த்து 'ஆபன்புரோட்போம்' என்பார்கள். குரங்கு ரொட்டி மரம்! அடி பருத்து யானை நிற்பதுபோல நிற்கும் பெருக்க மரம், அதாவது ஆனைப்புளிய மரம் அது. ஆப்பிரிக்காவில் அதன் பழத்தைக் குரங்குகள் விரும்பித் தின்பதால் வந்த பெயர். நம் ஊரில் யானை. அவர்கள் ஊரில் குரங்கு. அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் மன்னாருக்குப் போகலாம்.

சில டச்சுச் சொற்கள் நம்மிடமும் தங்கி விட்டன. கையில் 'துட்டு' இல்லை என்று சொல்கிறோமே, அது 'டைட்' என்ற டச்சுச் செப்புக் காசின் பெயர். மலத்தையும் வீட்டையும் குறிக்கும் இரண்டு டச்சுச் சொற்கள் ஒட்டிப் பிறந்தது 'கக்கூசு'. பெரிய எலுமிச்சை ஜாதியான பம்பளிமாசுப் பழத்தின் பெயரோ அறிஞர்களையே சண்டை மூட்டி விட்டது. டச்சில் அது 'பாம்பெல்மூஸ்'. பூசணியையும் எலுமிச்சையையும் குறிக்கும் சொற்களை டச்சுக்காரர் ஒட்டிய சொல் என்கிறது ஒரு கட்சி. இல்லை, தமிழிலிருந்துதான் டச்சுக்குப் போயிற்று என்கிறது மற்றொரு கட்சி. வங்காளிகள் இந்தச் சண்டையில் சேராமல் அதை 'பதாவி லேபு' என்கிறார்கள். டச்சுக்காரரின் ஜாவா தலைநகரான பதாவியாவிலிருந்து வந்த எலுமிச்சை என்று பொருள்.

நம் கரையில் அவர்கள்

டச்சுக்காரர்கள் மலையாளக் கரையோடு நின்றவர்கள் அல்லர். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செஞ்சி நாயக்கரின் அனுமதி பெற்றுக் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் கடை விரித்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சிக் கோட்டை எவ்வளவு தூரம் என்பது நேயர்களுக்குத் தெரியும். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டினார்கள். 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690-ல் சோழமண்டலக் கரையின் தலைமை இடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் கம்பெனியின் கமிஷனராகக் கரையைச் சுற்றி வந்தவர் அதே வான் ரீட்தான்.

புத்தகம் முழுவதும் வெளிவந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1691-ம் ஆண்டு டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே உயிர் நீத்தார். சூரத்தில் அவருக்குப் பெரிய சமாதி கட்டினார்கள்.

கோயிலும் வைத்தியரும்

இட்டி அச்சுதனுக்கு என்ன கிடைத்தது?

இங்கே வாசகர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு ஸ்தல விருட்சத்துக்கு உலகப் பெயர் கிடைக்கக் காரணமான அந்த மனிதரால், அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு பெரிய கோயிலுக்குள் கால் வைக்க முடிந்திருக்காது. ஈழவர்களுக்குக் கோயில் கதவு மூடியிருந்த காலம் அது. அவர் பிறந்த பகுதி பிற்காலத்தில் திருவாங்கூரோடு சேர்ந்தது. திருவாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தது 1936-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி. அச்சுதன் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்து அப்போது 261 ஆண்டுகள் ஆகியிருந்தன! நம் பக்கத்திலும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ல்தான்.

கோயில் மரத்தின் பட்டை ஈறு நோய்க்கு நல்லது, பூ தலைவலிக்கு நல்லது என்று சொல்ல அவருடைய அறிவு வேண்டியிருந்தது. அந்த மரத்தை வலம் வர மட்டும் அவருக்கு இடம் இல்லை. இதைக் கசப்போடு சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி தெரிந்து கொள்வது நல்லது என்பதற்காகச் சொல்கிறோம்.

அந்நியரான வான் ரீட் ஒரு நியாயம் செய்தார். பெயர் சொன்னவரின் பெயரை மறைக்கவில்லை. வைத்தியரின் கையெழுத்தை, அவர் எழுதிய எழுத்திலேயே, புத்தகத்தின் முகப்பில் வைத்தார். அரசாங்க அதிகாரியின் பெயர் போதும் என்று அவர் நினைத்திருந்தால், இன்று நாம் இட்டி அச்சுதன் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டோம். காட்டிலே முள்ளில் கிழிபட்டுச் செடி பறித்து வந்தவர்களுக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை.

பின்னால் வந்தவர்களும் கொஞ்சம் கடன் தீர்த்திருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் ப்ளூமே என்ற தாவர அறிஞர் ஒரு செடி இனத்துக்கு 'அக்குடேமியா' என்று அச்சுதன் பெயரை வைத்தார். லத்தீனிலேயே அடைபட்டுக் கிடந்த 12 பாகங்களையும் இங்கிலீஷில் கொண்டுவரக் கோழிக்கோடு சர்வகலாசாலைத் தாவர இயல் பேராசிரியர் மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்தார். அவர் மொழிபெயர்ப்பைக் கேரள சர்வகலாசாலை 2003-ல் வெளியிட்டது. 2008-ல் மலையாளத்திலும் வந்தது. மலையாளத்தில் சொன்னது மலையாளிக்கே திரும்பிவர 330 ஆண்டுகள் ஆயின! மணிலால் 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி காலமானார்.

நம் வீட்டுப் பாட்டிமார் எத்தனை செடிகளுக்குப் பெயர் சொல்வார்கள்! குப்பைமேனி, தும்பை, ஆடாதோடை, கீழாநெல்லி, பிரண்டை என்று கொல்லைப்புறத்திலேயே ஐம்பது சொல்வார்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ஐந்து தேறுவது கடினம். செடி இருந்தும் பெயர் போய்விட்டால், அதன் குணமும் கூடவே போய்விடும். இது மருந்து என்று யாரும் அறியாத செடி வெறும் களைதான், மண்வெட்டிக்கு இரையாகும்.

அன்று ஒரு வைத்தியர் வாய் திறந்து சொன்னார். ஒருவர் அதை எழுதி வைத்தார். அதனால் ஒரு சொல் 350 ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது. இதற்குச் சர்க்கார் உத்தரவும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஒரு நாற்பது பக்க நோட்டில் குழந்தைகள் எழுதி வைத்தால் போதும். யார் சொன்னது என்று அவர்கள் பெயரையும் பக்கத்திலே எழுதி வைக்கட்டும்.

அடுத்த முறை அண்ணாமலையார் கோயிலுக்குப் போகும் வாசகர்கள், ஒன்பது கோபுரங்களையும் பார்த்து முடித்தபிறகு, அருகில் நிற்கும் பிள்ளைகளுக்கு மகிழம், வகுளம், இலஞ்சி என்று மூன்று பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள். நான்காவதாக, கடக்கரப்பள்ளி இட்டி அச்சுதன் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.